டிரெய்லர் ஜன்னலுக்குத் திரை: ஸ்க்ரூ எங்கே நிற்கும்?

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற தங்கும் டிரெய்லரின் உள்சுவர் பார்வைக்குத்தான் சுவர். விரலால் தட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 4 மிமீ பிளைவுட், அதன் பின்னால் தெர்மோகோல், அதற்கும் பின்னால் வெளிப்பக்கத்து அலுமினிய ஷீட். மொத்தக் கனமும் சேர்ந்து ஒன்றரை இன்ச் வராது. வீட்டுச் சுவர் மாதிரி நினைத்து ஸ்க்ரூ ஏற்றினால் வாழை மட்டையில் ஆணி அடித்த கதைதான். ஏறும்போது சுகமாக ஏறும், இழுத்தால் கையோடு வரும்.

எங்கள் டிரெய்லர் கரூரில் கட்டியது. பஸ் பாடி கட்டுவதில் பேர்போன ஊர். சதுரக் குழாயை வெட்டிப் பற்றவைத்து ஒரு கூட்டை நிறுத்துவது அங்கே இருப்பவர்களுக்குக் கைவந்த கலை. நீளம் 14 அடி, அகலம் ஆறரை அடி. இரண்டு படுக்கை, ஒரு சின்ன சமையல் மேடை, பக்கத்துக்கு இரண்டாக நாலு ஜன்னல், பின்பக்கம் அவசர வழிக்கென்று ஒன்று. தங்கை வீட்டு மாப்பிள்ளையும் நானும் பாதிப் பாதி போட்டுச் செய்தது. வெளியூரிலிருந்து சொந்தபந்தம் வந்தால் சூரியனார் கோயில், கஞ்சனூர், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று நவக்கிரகச் சுற்றுக்கு இழுத்துக்கொண்டு போவோம். மற்ற நாளில் கும்பகோணத்துக்குத் தெற்கே அரசலாற்றங்கரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நிற்கும். ஓடும்போது உள்ளே யாரும் ஏறுவதில்லை. போய் நிறுத்திய பிறகுதான் அது வீடு.

கட்டிக் கொடுத்த பட்டறை நாலு ஜன்னலுக்கும் ரோலர் பிளைண்ட், அதாவது உருளையில் சுருண்டு ஏறுகிற திரை, மாட்டித்தான் கொடுத்தது. ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் இரண்டு அரை இன்ச் ஸ்க்ரூ, நேராகப் பிளைவுட்டில். மயிலாடுதுறை வழியாக வைத்தீஸ்வரன்கோயில் போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தால் இரண்டு திரை படுக்கையில் கிடந்தன. மூன்றாவது ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டைகளை டார்ச் அடித்துப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டியவை மேலும் கீழும் இழுபட்டு நீண்டிருந்தன. ஓரத்தில் பிளைவுட்டின் மேல் ஒட்டியிருந்த மைக்கா சிலும்பி நின்றது. விழுந்து கிடந்த ஸ்க்ரூவின் மரை இடுக்கில் பிளைவுட் நார், நுனிப்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தெர்மோகோல் உருண்டை. அந்த அரை இன்ச்சில் மூன்றில் ஒரு பங்குதான் மரத்தைப் பிடித்திருக்கிறது. மிச்சம் சும்மா தெர்மோகோலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

ஒரு திரை ஒன்றரை கிலோகூட இருக்காது. அந்தப் பாரம் ஸ்க்ரூவுக்கு ஒரு பாரமே இல்லை. விஷயம் வேறு. பிராக்கெட் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, திரையின் பாரம் அந்த நுனியில் தொங்குகிறது. வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பிராக்கெட் கீழ்விளிம்பை ஊன்றிக்கொண்டு மேல் ஸ்க்ரூவை நெம்புகிறது. நம் பக்கத்து ஊருக்கு ஊர் வேகத்தடை. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, டீக்கடைக்காரர் செல்வாக்கில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு நெம்பு நெம்பினால் 4 மிமீ பிளைவுட் எத்தனை நேரம் தாங்கும்?

திரையே வேண்டாம், கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வண்டிக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடுத்துவிட்டது. பக்கக் கண்ணாடி குறைந்தது 50 சதவீத வெளிச்சமாவது உள்ளே விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. இழுத்துப் போகிற டிரெய்லரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு செக்போஸ்டிலும் சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது. தவிர, ஃபிலிம் பகலில் மட்டும்தான் மறைக்கும். ராத்திரி உள்ளே விளக்குப் போட்டால் கோயில் வாசலில் நிற்கிற பூக்காரம்மா வரைக்கும் நாம் சாப்பிடுவதைப் பார்க்கலாம்.

துணித் திரை போடலாமே என்றாள் தங்கை. கரூரில் கட்டிய வண்டிக்குக் கரூர்த் திரைச்சீலை பொருத்தம்தான். ஆனால் கம்பியில் தொங்குகிற துணி வண்டி ஓடும்போது அங்கும் இங்கும் ஊஞ்சலாடி வளையங்களால் மைக்காவைக் கீறிவிடும். சமையல் மேடைக்குப் பக்கத்தில் தொங்கும் துணி வேறு பயம். பட்டை பட்டையான வெனிஷியன் பிளைண்ட் நின்ற வண்டியில் அழகு, ஓடுகிற வண்டியில் தகர டப்பா கச்சேரி. மூங்கில் தட்டி உள்ளே கட்டினால் கனம், சுருட்டினாலும் தலையில் இடிக்கும். கடைசியில் பழைய ரோலர் பிளைண்டையே வைத்துக்கொள்வது, மாட்டுகிற முறையை மட்டும் மாற்றுவது என்று முடிவானது. துணி நல்ல துணி, ஒளி புகாத வகை, கண்ணாடிப் பக்கம் வெள்ளை. பழுது திரையில் இல்லை.

இந்த மாதிரி டிரெய்லர் ஏராளமாகச் செய்கிற இடம் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட் வட்டாரம். அங்கேயும் உள்சுவர் மெலிசுதான். 3 மிமீ லுவான் பிளைவுட், மேலே பூப்போட்ட வினைல் தாள். அதற்குள் இரண்டு விதமான கூடு உண்டு. ஒன்றில் மரச் சட்டமும் இடையில் கண்ணாடி நார்ப் பஞ்சும், இன்னொன்றில் அலுமினியக் குழாயும் நுரைப் பலகையும் பசை போட்டு அழுத்தி ஒரே பலகையாக. அங்கே பலருடைய வண்டியில் மடிப்பு மடிப்பான திரை இருக்கும். மேலிருந்து கீழே இழுத்துக் கட்டிய மெல்லிய கயிறுகளில் அது ஏறி இறங்கும். கயிற்றின் கீழ்முனைக்குச் சுவரில் ஒரு சின்னக் குமிழ். உரசி உரசிக் கயிறு அறுவதும், குமிழ் பிளைவுட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதும் அவர்களுக்குத் தீராத தலைவலி. எந்தக் கூடாக இருந்தாலும் வழி ஒன்றுதான்: பிளைவுட்டை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற எலும்பைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எங்களுக்கு இதைச் சொன்னது அமெரிக்காக்காரர் இல்லை, எங்கள் வீட்டுக் கதவு நிலை செய்த ஆசாரி. தோப்புக்கு அழைத்துப் போனோம். உள்ளே ஏறி, நடு விரல் மொட்டால் சுவரை நாலு இடத்தில் தட்டினார்.

"தம்பி, முதல்ல இதுல எங்க பிடிமானம் இருக்குன்னு சொல்லுங்க. திரையப் பத்தி அப்புறம் பேசலாம்."

"அதான்ணே தெரியல. ஜன்னலைச் சுத்திக் குழாய் இருக்கும்னு நினைக்கிறேன்."

"நினைச்சா ஸ்க்ரூ நிக்காது. பாத்துச் சொல்லுங்க."

பார்ப்பதற்கு ஒரு சின்னக் காந்தம் போதும். பழைய ஹார்டு டிஸ்க்கைப் பிரித்தால் உள்ளே கிடைக்குமே, அந்த வகை. 4 மிமீ பிளைவுட்டுக்குப் பின்னால் இரும்புக் குழாய் இருந்தால் காந்தம் சுவரில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற பொம்மைக் காந்தம் இதற்குப் பிரயோஜனப்படாது, அவ்வளவு தூரம் இழுக்கிற பலம் அதற்கு இல்லை. காந்தத்தை மெல்ல நகர்த்தி, பிடிப்பு விடுகிற இடத்தில் இரண்டு பக்கமும் பென்சில் கோடு போட்டுக்கொண்டு வந்தால் குழாயின் அகலமே சுவரில் தெரிந்துவிடும். எங்களுடையது 25 மிமீ சதுரக் குழாய், 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மிமீ கனத் தகடு. ஜன்னலின் இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் போகிற நெட்டுக் குழாய், தலைக்கு மேல் ஒரு குறுக்குக் குழாய், காலடியில் ஒன்று. அலுமினியக் கூடு உள்ள வண்டியில் காந்தம் குழாயில் ஒட்டாது. பிளைவுட்டை அதில் ஸ்க்ரூ போட்டு அடித்திருந்தால், அந்த இரும்பு ஸ்க்ரூவின் தலையைத்தான் தேட வேண்டும்.

பிளைவுட் மூடுவதற்கு முன் கூட்டைப் பல பக்கமிருந்தும் மாப்பிள்ளை போனில் படம் எடுத்து வைத்திருந்தார். காந்தக் கோடும் படமும் ஒத்துப் போயின. படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இடது பக்கத்து முன் ஜன்னலின் நெட்டுக் குழாயை ஒட்டியே எல்இடி விளக்குக்கான 12 வோல்ட் வயர் இறங்குகிறது. அந்த ஒரு இடத்தில் துளையைக் குழாயின் மறு ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டோம். பாட்டரி இணைப்பையும் வெளி 230 வோல்ட் பிளக்கையும் கழற்றிய பிறகுதான் டிரில் மெஷினை எடுத்தது. தோப்பு வீட்டிலிருந்து நீள வயர் இழுத்து டிரில்லுக்குத் தனியாகக் கரண்ட்.

அடுத்த சிக்கல், குழாய் இருக்கிற இடமும் பிராக்கெட் வேண்டிய இடமும் ஒன்றில்லை. ஜன்னல் திறப்பு 3 அடி. ஓரத்தில் வெயில் ஒழுகாமல் இருக்க இரண்டு பக்கமும் கொஞ்சம் தாண்டித் துணி வர வேண்டும், ஆகவே பிராக்கெட்டும் தாண்டித்தான் உட்கார வேண்டும். அங்கே வெறும் தெர்மோகோல். ஆசாரி இதற்குச் சொன்னது, ஜன்னலுக்கு மேலே ஒரே நீளமாக ஒரு ரீப்பர், அதாவது மரச் சட்டம். மூன்றரை அடி நீளம், 2 இன்ச் அகலம், முக்கால் இன்ச் கனம். அது இரண்டு நெட்டுக் குழாயிலும் நடுவில் குறுக்குக் குழாயிலும் கட்டுண்டு கிடக்கும், இரண்டு முனையிலும் 3 இன்ச் வெளியே நீளும். பிராக்கெட்டை அந்த மரத்தில் நமக்கு வேண்டிய இடத்தில் முடுக்கிக்கொள்ளலாம். இன்னொரு லாபமும் உண்டு. ஜன்னலின் அலுமினியச் சட்டமும் தாழ்ப்பாளும் சுவரிலிருந்து ஒரு இன்ச் துருத்திக்கொண்டிருக்கின்றன. முன்பு துணி தாழ்ப்பாளில் உரசி ஒரு வரி விழுந்திருந்தது. ரீப்பரின் கனம் திரையை அதில் உரசாத அளவுக்கு முன்னால் தள்ளிவிடும்.

மரம் பழைய தேக்கு. ஓட்டு வீடு இடிக்கிற இடங்களிலிருந்து வருகிற சட்டம், கைமரம், நிலைக்கதவு எல்லாம் வைத்து விற்கிற கடைகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. பல வருஷம் ஓட்டுக்கடியில் காய்ந்த மரம் அவ்வளவு சுலபமாக முறுக்காது. டெல்டா ஈரத்தில் புது மரம் வாங்கி மாட்டினால் ஐப்பசி மழைக்கு ஒரு பக்கம் வளையும், பங்குனி வெயிலுக்கு மறுபக்கம் வளையும். பழைய சட்டத்தில் பார்க்க வேண்டியது ஆணி. தலை முறிந்த ஆணி மரத்துக்குள் ஒளிந்திருந்தால் இழைப்புளியின் அலகு போயே போய்விடும். சுவரில் குழாய் தேடின அதே காந்தத்தை ஆசாரி சட்டத்தின் மேல் ஓட்டினார். இரண்டு துண்டு ஆணி அகப்பட்டது, குறடால் பிடுங்கினார். இழைத்த பிறகு கறுப்பேறிய மேல்தோலுக்கடியிலிருந்து பொன்னிறம் வந்தது. ஆணி இருந்த இடத்தில் மட்டும் மையிட்ட மாதிரிக் கரும்புள்ளி. அதை மறைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

ரீப்பரை நேராக வைக்க ரசமட்டம் எடுத்தார் மாப்பிள்ளை. ஆசாரி சிரித்தார். தோப்பு மண்ணில் நிற்கிற வண்டி அதுவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ரசமட்டம் பூமிக்கு நேரைக் காட்டும், ஜன்னலுக்கு நேரைக் காட்டாது. வண்டி சாய்ந்திருக்கும்போது ரசமட்டத்துக்கு ஒத்து மாட்டினால், சமதரையில் நிறுத்தியதும் திரை கோணலாகத் தெரியும். துணியும் சுருளும்போது ஒரு பக்கமாக நகர்ந்து ஓரம் கிழியும். ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து இரண்டு முனையிலும் ஒரே அளவு எடுத்து கோடு கிழிப்பதுதான் சரி.

துளை போடுவது இந்த வேலையிலேயே நெஞ்சு படபடக்கிற இடம். பிளைவுட்டைத் தாண்டிக் குழாயின் முன் தகட்டில் மட்டும் ஓட்டை விழ வேண்டும். கை அழுத்தத்தில் பிட் சடாரென்று உள்ளே போய்ப் பின் தகட்டையும் வெளி ஷீட்டையும் குத்திவிட்டால் மழைக்கு ஒரு வாசல் திறந்துவிட்ட மாதிரி. பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைப்பது போதாது, டேப் வழுக்கி மேலேறும். ஒரு மரத்துண்டில் துளை போட்டுப் பிட்டைச் செருகி, நுனி 10 மிமீ மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வெட்டிக்கொண்டோம். மரத்துண்டு சுவரில் முட்டியதும் அதற்கு மேல் போகாது. தகட்டைத் தொட்டதும் சத்தம் மாறும், கரகரவென்பது கீச்சென்று ஆகும். அங்கே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

ஸ்க்ரூவா ரிவெட் நட்டா என்பதில் எங்களுக்குள் ஒரு சின்ன வழக்கு. ஆசாரி, "செல்ஃப் ஸ்க்ரூ போடுங்க தம்பி, தகரக் கூரையே அதுலதான் நிக்குது" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தகட்டில் தானே மரை வெட்டிக்கொண்டு ஏறுகிற ஸ்க்ரூ அது, ஒரு தடவை ஏற்றி அப்படியே விட்டுவிடுகிற இடத்தில் நிற்கும். ஆனால் 1.6 மிமீ தகட்டில் அந்த ஸ்க்ரூவுக்குக் கிடைப்பது ஓரிரு மரைதான். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துத் திரும்ப ஏற்றினால் தகட்டு மரை கழன்றுவிடும். ஆகவே இரண்டு நெட்டுக் குழாயில் எம்5, அதாவது 5 மிமீ போல்ட்டுக்கான ரிவெட் நட், நடுக் குறுக்குக் குழாயில் ஆசாரியின் செல்ஃப் ஸ்க்ரூ என்று பஞ்சாயத்து முடிந்தது.

ரிவெட் நட் என்பது உள்ளே மரை வெட்டிய ஒரு குட்டிக் குழல். ஓட்டையில் செருகி அதற்குரிய கருவியால் இழுத்தால் தகட்டுக்குப் பின்னால் உப்பி இறுக்கிக்கொள்ளும். பிறகு அந்த இடத்தில் போல்ட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏற்றி இறக்கலாம். கருவி பக்கத்து வெல்டிங் பட்டறையில் இரவல். எம்5-க்கு 7 மிமீ ஓட்டை. 3, 5, 7 என்று படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். நேராக 7 மிமீ பிட்டை வைத்தால் மெல்லிய தகட்டில் ஓட்டை முக்கோணமாகிவிடும். ஓட்டை தளர்ந்தால் நட் உள்ளேயே சுற்ற ஆரம்பிக்கும், சுற்றுகிற நட்டை வைத்துக்கொண்டு முடுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. இன்னொன்று, நட்டின் காலர் குழாய்த் தகட்டின் மேல் உட்கார வேண்டும், பிளைவுட்டின் மேல் இல்லை. பிளைவுட்டில் உட்கார்ந்தால் இறுக்க இறுக்க அது நசுங்கும், இரண்டு மாதத்தில் ஆட்டம் கொடுக்கும். அதனால் பிளைவுட் ஓட்டையை மட்டும் 12 மிமீயாக விரித்து, காலர் உள்ளே இறங்க வழி செய்தோம். ஓட்டை ஓரத்தில் தெரிந்த பச்சை இரும்புக்கு ஒரு தொடு ரெட் ஆக்சைடு. உள்ளே விழுந்த இரும்புத் தூளை மாப்பிள்ளை சைக்கிள் பம்பால் ஊதி எடுத்தார், அப்படியே விட்டால் நாலு மழைக்குள் சுவரில் துருக்கண்ணீர் வடியும்.

ரீப்பரின் முதுகில் பாலியூரித்தேன் பசை ஒரு கோடு. பஸ் கண்ணாடி ஒட்டுகிறவர்கள் வைத்திருப்பார்களே, கறுப்புக் குழலில் வருவது, அதுதான். பாரத்தைப் போல்ட் தாங்கிக்கொள்ளும். பசை இருப்பது மரமும் பிளைவுட்டும் உரசிக் கிறீச்சிடாமல் இருக்கத்தான். மைக்காவை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுத்த பிறகே பிடிக்கும். இந்தப் பசை காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். நம்மூர்க் காற்று இந்த ஒரு விஷயத்திலாவது உதவட்டும்.

அப்புறம் பிராக்கெட். தேக்கில் ஒன்றே கால் இன்ச் ஸ்க்ரூ போட்டால் ரீப்பரைத் தாண்டிப் பிளைவுட்டையும் தெர்மோகோலையும் கொஞ்சம் குத்தும், பரவாயில்லை. முன்துளை போடாமல் ஏற்றினால் முனைப்பக்கம் தேக்கு பிளந்துவிடும், அது மட்டும் கவனம். ரோலரின் ஒரு முனையில் செயின் சக்கரம், மறுமுனையில் ஸ்பிரிங் வைத்த ஊசி. இந்த ஊசி குலுக்கலில் உள்ளே அமுங்கி பிராக்கெட் பள்ளத்திலிருந்து தாண்டிக் குதிக்கும். பிராக்கெட்டே அசையாமல் இருந்தாலும் ரோலர் விழுவது இப்படித்தான். ஊசி உட்கார்ந்த பிறகு மேலே ஒரு துளை போட்டுச் சின்ன கேபிள் டை ஒன்றை வளைத்துக் கட்டிவிட்டோம். கழற்ற வேண்டுமென்றால் வெட்டிவிட்டுப் புதிது போட்டுக்கொள்ளலாம்.

தொங்குகிற செயின் வளையம் குழந்தைகள் இருக்கிற இடத்தில் கழுத்துக்கு ஆபத்து. படுக்கை ஜன்னலுக்கு நேர்கீழே இருப்பதால் டிரெய்லரில் அந்த ஆபத்து வீட்டைவிட அதிகம். செயினைத் தேவையான அளவுக்கு வெட்டிச் சேர்த்து, அதன் அடிவளையத்தைப் பிடிக்கிற கொக்கியை நெட்டுக் குழாயிலேயே முடுக்கினோம். செயின் இப்போது சுவரோடு விறைப்பாக நிற்கிறது, கைவிரல் நுழையும், தலை நுழையாது.

மேலே எவ்வளவு கெட்டியாகப் பிடித்தாலும் கீழே விட்டுவிட்டால் துணி ஆடி அடிக்கட்டை கண்ணாடியில் மோதும். அந்த ஆட்டமே மேலே பிராக்கெட்டையும் ஆட்டும். அடிக்கட்டை அலுமினியம், உள்ளே பொள்ளல். அதற்குள் இரும்புக் கம்பி ஒன்றைச் செருகினோம். கீழ்க் குழாயின் மேல் இரண்டு தேக்குக் குட்டிக்கட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான் காந்தம் பதித்தது. திரையை இறக்கியதும் டக்கென்று பிடித்துக்கொள்கிறது. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றுக்கு இது தாராளம். ஓட்டத்துக்கு இது போதாது. கிளம்பும் முன் திரையை முழுக்கச் சுருட்டி நடுவில் ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடுகிறோம்.

ஸ்க்ரூ, போல்ட் எல்லாம் எஸ்எஸ் 304, துருப்பிடிக்காத எஃகு வகை. வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார் என்று கடற்கரையில் வண்டி நிற்கும்போது சாதா ஸ்க்ரூவின் தலை ஒரே பருவத்தில் பழுத்துவிடும். எஸ்எஸ்ஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்து, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும், வெள்ளைப் பொடி கிளம்பும். ஜன்னல் சட்டத்தில் எந்த ஸ்க்ரூவும் போடாமல் தவிர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். போல்ட் மரையில் கொஞ்சம் நீல லாக்டைட், குலுக்கலில் மரை கழலாமல் பிடிக்கிற பசை. முடுக்கிய பிறகு போல்ட் தலையிலிருந்து மரம் வரைக்கும் ஒரே கோடாகத் தங்கையின் நெயில் பாலிஷால் இழுத்துவிட்டோம். போல்ட் ஒரு நூல் சுற்றியிருந்தாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுக்கும், ஒவ்வொன்றையும் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்க்க நல்ல தார்ச்சாலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆற்றங்கரைச் சாலை, குறுகல் பாலம், நெல் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த உட்கிராமத்து ரோடு, அப்படியே சுற்றிக்கொண்டு திருவெண்காடு. போய்ச் சேர்ந்து பார்த்தால் நெட்டுக் குழாய்க் கோடுகள் ஒன்றும் உடையவில்லை. நடுவிலிருந்த செல்ஃப் ஸ்க்ரூ ஒன்றில் மட்டும் கோடு கொஞ்சம் விலகியிருந்தது. ஆசாரியிடம் சொன்னேன். "நடுவுல இருக்கறது சும்மா துணைக்குத்தானே தம்பி" என்று முடித்துக்கொண்டார். அடுத்த முறை அதையும் ரிவெட் நட்டாக மாற்றிவிடுவேன், அவரிடம் சொல்லாமல்.

வெயில் விஷயத்தில் உள்திரையிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத்தான் அது தடுக்கிறது. வெள்ளை முதுகு ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மிச்சச் சூடு திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தேங்கி மெல்ல உள்ளே கசியும். கண்ணாடிக்கு வெளியே நிழல் விழுந்தால்தான் சூடு உள்ளேயே வராது. திண்ணை வீடுகளில் தட்டியை வெளிப்பக்கம் கட்டியதன் காரணம் அதுதான். சித்திரை, வைகாசியில் தோப்பில் நிற்கும்போது மேற்குப் பக்கம் கூரை விளிம்பிலிருந்து மூங்கில் தட்டி ஒன்றை வெளியே தொங்கவிடுகிறோம், கிளம்பும்போது சுருட்டிப் படுக்கைக்கடியில் போட்டுக்கொள்கிறோம். இரண்டும் சேர்ந்த பிறகுதான் மத்தியானம் உள்ளே உட்கார முடிகிறது.

மார்கழியில் இதற்கு நேரெதிர்த் தொல்லை. நாலு பேர் மூடின டிரெய்லரில் தூங்கினால் மூச்சு ஈரம் முழுக்கக் குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாகப் படியும். திரை மறைத்திருப்பதால் கண்ணில் படாது. காலையில் அது வழிந்து அடிக்கட்டையில் தேங்கி, துணியில் கரும்பூசணம் பிடிக்கும். எதிரெதிர் ஜன்னலில் இரண்டு விரல் அளவு கண்ணாடியைத் தள்ளி வைத்துக் கொசுவலையை மூடிவிட்டால் ஈரம் வெளியேறிவிடுகிறது. விடிந்ததும் திரையைச் சுருட்டாமல், காந்தத்தை மட்டும் விடுவித்துக் கொஞ்சம் காயவிட்ட பிறகு சுருட்ட வேண்டும்.

பின்பக்கத்து அவசர ஜன்னலுக்கு இது எதுவும் செய்யவில்லை. அங்கே ரீப்பர், ரோலர், செயின் என்று எதை வைத்தாலும் இருட்டில், புகையில் கை தடுமாறும். மிச்சமிருந்த அதே துணியை ஜன்னல் அளவுக்கு வெட்டி ஓரம் தைத்து, மேல்விளிம்பில் முழு நீளமும், பக்கங்களில் இரண்டிரண்டு இடத்தில் மட்டும் வெல்க்ரோ. சுவர்ப்பக்கத்துப் பட்டையை வெறும் ஒட்டுப்பசையை நம்பி விட்டால் மே மாத வெயிலில் உருகி இறங்கிவிடும், அதனால் ஓரங்களில் பாப் ரிவெட் ஒவ்வொன்று. கீழ்மூலையில் சிவப்பு நாடா ஒன்று தொங்குகிறது, அதைப் பிடித்து இழுத்தால் திரை மொத்தமாகக் கையோடு வந்துவிடும். புதிதாக உள்ளே தூங்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும், பாட்டியானாலும் பேரனானாலும், ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் படுக்க விடுகிறோம்.